ஆர் வெட்டினது?

நான் வேலை பார்த்த கந்தோருக்கு அண்மையில் ஒரு புது இயந்திரம் வந்தது. நோய் பிடித்த இலையில் ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டால், உள்ளே இருக்கும் பற்றீரியாவின் பெயரை அதுவே சொல்லிவிடுமாம். திறப்பு விழாவுக்கு ஓய்வுபெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். இயந்திரத்துக்குக் குளிரூட்டிய தனி அறை, கண்ணாடிக் கதவு, செருப்பைக் கழற்றிவிட்டு வரச்சொல்லி ஒரு அறிவித்தல். அதே கட்டடத்தில் ஒற்றை மின்விசிறியின் கீழ் வெந்து வேலை செய்தவள் நான். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது, மறைப்பானேன்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் ஒருத்தி மரியாதையாகத்தான் கேட்டாள்.

"இது இல்லாத காலத்தில என்ன அன்ரி செய்தனீங்கள்?"

"வாற சனத்திட்ட 'ஆர் வெட்டினது?' எண்டு கேப்பம், பிள்ளை."

விழுந்து விழுந்து சிரித்தாள். பகிடி என்று நினைத்துவிட்டாள். விளக்கிச் சொல்ல வாயெடுப்பதற்குள் படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று சிரித்துவிட்டு, ஒரு பற்றிஸைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மன்னாரில் பள்ளிக்கூடம், பிறகு மலைநாட்டில் ஒரு பயிற்சி. அங்கே குளிரில் கை விறைக்க விறைக்கக் கண்ணாடித் தட்டுகளைக் கழுவினேன். ஊருக்குத் திரும்பி வந்து வியர்வை ஒழுக ஒழுக அதே தட்டுகளைக் கழுவினேன். இடையில் நுணுக்குக்காட்டி பார்க்கவும், பிழையில்லாமல் சிங்களத்தில் லீவு கேட்கவும் பழகினேன். பயிர்நோய்ப் பிரிவில் ஆய்வுகூட உதவியாளர் என்று நியமனம் வந்தது. பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிடவேண்டாம். மேலதிகாரி ஒருவர், நான், ஒரு மேசை, ஒரு அலுமாரி, வாசலில் நிரந்தரமாக இரண்டு கழுதைகள்.

மேலதிகாரி கலாநிதி தில்லைநாதன், வாற சனத்துக்கெல்லாம் 'ஐயா'. யாழ்ப்பாணத்தவர், மீன் வாசம் வந்தாலே லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்துகிற சைவக்காரர். அவரை மன்னாருக்கு மாற்றியவர்களுக்கு நல்ல பகிடி உணர்வு இருந்திருக்க வேண்டும். மனுசருக்கு வணக்கம் சொல்ல மறந்துபோவார், ஆனால் யாராவது ஒரு வாடின செடியோடு வாசலில் ஏறினால் கதிரையை விட்டு எழும்பிவிடுவார். குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்குவார். வேரில் தொடங்கி நுனி வரைக்கும் பார்ப்பார், நுனியில் தொடங்கி ஒருநாளும் பார்த்ததில்லை. பெருவிரல் நகத்தால் தண்டை மெல்லச் சுரண்டி முகர்ந்து பார்ப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, செடி கொண்டுவந்தவரின் முகத்தை முதல்தடவையாகப் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"ஆர் வெட்டினது?"

கேட்கிற தொனியும் பொலிஸ்காரர் கேட்கிற மாதிரித்தான் இருக்கும். வந்த சனம் அரண்டுபோகும். மறிச்சுக்கட்டியிலிருந்து ஒருமுறை ஒரு கத்தரித் தோட்டக்காரர் வந்தார். பச்சையாக நின்ற செடிகள் அப்படியே வாடி விழுகின்றன என்று பாவம் ஒரு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். காட்டோரத்தில் இருக்கிறவர்கள் இந்தக் கேள்வியை எத்தனை அதிகாரிகளின் வாயால் கேட்டிருப்பார்களோ. ஐயா வாயைத் திறந்ததுதான் தாமதம், மனுசன் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

"வல்லாஹி சேர், நான் காட்டுப்பக்கம் போகவே இல்லை! ஒரு தடி கூட வெட்டேல்லை!"

"காட்டைக் கேக்கேல்லை ஐயா, கத்தரியின்ர வேரைக் கேக்கிறார்" என்று நான் சொல்லித் தேநீர் கொடுத்து இருத்தவேண்டியதாகப் போயிற்று. பிறகு அவருக்கு முன்னாலேயே தண்டைக் குறுக்கே வெட்டி, ஒரு கிளாஸ் தண்ணீரில் வெட்டுமுகம் நனையும்படி பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் பால் நூல் போல வெள்ளையாக ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. அது முழுக்கப் பற்றீரியா. களை கொத்தும்போது மண்வெட்டி வேரில் பட்டிருக்கிறது, அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது.

கட்டுக்கரைக் குளத்துப் பக்கமிருந்து வந்த ஒரு வயல்காரர் மட்டும்தான் ஐயாவை அசத்தியவர். நெல்லு இலைகள் ஓரத்தால் வெளிறிக் காய்ந்திருந்தன. "ஆர் வெட்டினது?" என்று ஐயா கேட்க, அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றிவிட்டு, "காத்துத்தான் ஐயா வெட்டினது, வேற ஆர்?" என்றார். புயல் காற்றில் இலைகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிந்த கையோடு நோய் வந்திருந்தது. சரியான விடை. ஐயா அன்று முழுக்கச் சந்தோசமாக இருந்தார்.

ஏன் இந்தக் கேள்வி என்று நானும் ஒருநாள் கேட்டேன். ஐயாவுக்கு விளக்கம் சொல்லப் பிடிக்கும், அதுவும் கேட்க ஒரு ஆள் கதிரையில் அகப்பட்டுவிட்டால் நல்லாகப் பிடிக்கும்.

"ஜெசிந்தா, இந்தப் பற்றீரியாக்களைப் பொல்லாத சாமான் எண்டுதானே நீர் நினைக்கிறீர்? அதுகள் மண்ணுக்குள்ள தன்ர பாட்டில கிடக்கும். நோயாக்கிற மரபணு முழுக்க உள்ளுக்குள்ள இருக்கும், ஆனா சுவிச் போடாமல் இருக்கும். சும்மா போட்டு வைச்சால் சீவனுக்கு நட்டமல்லோ?"

"அப்ப ஆர் சேர் சுவிச்சைப் போடுறது?"

"செடிதான்! செடி காயப்பட்டால் அந்தக் காயத்தை ஆத்த ஒரு சாறு விடும். பற்றீரியாவின்ர தோலில ஒரு புரதம் காவல் நிக்குது. அந்தச் சாறு பட்ட உடனே அது உள்ளுக்கு இருக்கிற இன்னொரு புரதத்துக்குச் செய்தி குடுக்கும். அது போய் சுவிச்சுகளைப் போடும். காயம் இல்லையெண்டால் செய்தி இல்லை, செய்தி இல்லையெண்டால் நோயில்லை. எல்லாப் பற்றீரியாவும் ஒரே மாதிரி இல்லை, ஆனா கன பேர் இப்பிடி எதையோ கேட்டுத்தான் எழும்புறவை. அதுதான் நான் கேக்கிறது, ஆர் வெட்டினது எண்டு."

காயத்தை ஆற்றுவதற்காக விடுகிற சாற்றையே பற்றீரியா மணந்து வருகிறதா என்று எனக்கு அன்று அந்தச் செடிகளின் மேல் பெரிய பாவமாகிப் போனது. ஆபத்து என்று கேட்டதும் முதல் ஆளாக வந்து நிற்கிற சில சொந்தக்காரரையும் நினைத்துக்கொண்டேன், பெயர் சொல்லமாட்டேன்.

இனி றீற்றா அக்காவின் கதைக்கு வருகிறேன்.

ஒரு பங்குனி மாதம், வெயில் கொளுத்தும் நேரம், தோட்டவெளியிலிருந்து அவர் வந்தார். வளவு முழுக்க ரோசா வளர்ப்பவர். மன்னார்த் தீவிலுள்ள கோயில்களின் பீடத்துக்கும் கலியாணத்துக்கும் செத்தவீட்டு மலர்வளையத்துக்கும் பூ அவரிடமிருந்துதான் போகும். அவரது புருசன் சூசை அண்ணன் கடலில் காணாமற்போன பிறகு அந்த ரோசாதான் அவருக்குச் சோறு. ஒரு சாக்கை எடுத்து மேசையில் கொட்டினார். வேரோடு பிடுங்கிய ரோசாச் செடிகள். ஒவ்வொன்றின் அடித்தண்டிலும் வேரிலும் இஞ்சிக் கிழங்கு போலப் பெரிய பெரிய கட்டிகள்.

ஐயா செடியை இரண்டு கையாலும் எடுத்தார். வேரிலிருந்து பார்த்தார். சுரண்டினார், முகர்ந்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆர் வெட்டினது?"

றீற்றா அக்கா மேசையில் ஓங்கி அடித்தார். "அப்பிடிக் கேளுங்கோ ஐயா! அதைத்தானே நானும் ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரியிறன்! நீங்கள் படிச்ச மனுசன், பாத்த உடனே கண்டுபிடிச்சிட்டியள்!"

ஐயா பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் றீற்றா அக்காவை இருக்கச் சொல்லிக் கதையைக் கேட்டேன். பக்கத்து வளவில் இருப்பது பிலோமினா, சூசை அண்ணனின் தங்கச்சி. சூசை அண்ணன் கடைசியாகக் கடலுக்குப் போனது பிலோமினாவின் புருசனுடைய வள்ளத்தில். காற்றில் வள்ளம் அலைக்கழிந்து, வள்ளமும் அந்த மனுசனும் கரைக்கு வந்தார்கள், சூசை அண்ணன் வரவில்லை. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட இருக்கிற நேரம், றீற்றா அக்கா எழும்பி நின்று ஒரு சொல்லுச் சொல்லியிருக்கிறார்: "அந்த வள்ளத்து மீன் இனி என்ர சட்டிக்குள்ள வராது." அன்றிலிருந்து வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு மச்சாள், அந்தப் பக்கம் ஒரு மச்சாள்.

"அதுக்குப் பழி வாங்கிறாள் ஐயா. நான் செபமாலைக்குக் கோயிலுக்குப் போற நேரம் பாத்து என்ர வளவுக்குள்ள வாறாள். ஒருநாள் நான் கெதியா வந்திட்டன். பொழுதுபடுற நேரம், கையில கடற்கரையில மட்டி கிண்டுற இரும்போட ரோசாவுக்குள்ள குந்திக்கொண்டு இருக்கிறாள். என்னடி எண்டு கேட்டால், கோழி தேடி வந்தனானாம். அவளிட்டக் கோழியே இல்லை!"

"அம்மா, இது ஒரு பற்றீரியா செய்யிற வேலை மாதிரி இருக்குது…" என்று ஐயா தொடங்கினார்.

"பற்றீரியாவோ பிலோமினாவோ, எனக்கு ஒரு கடதாசியில எழுதித் தாங்கோ. காணியை வாங்க ஆள் வந்திட்டுது. அவள்தான் எண்டு தெரிஞ்சுதெண்டால், வித்துப்போட்டு வவுனியாவில மகளோட போய் இருக்கப்போறன். செத்தாலும் இந்தப் பக்கம் திரும்பமாட்டன். என்ர பெட்டியைத் தூக்கவும் அவள் வரக்கூடாது."

சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஐயா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"ஜெசிந்தா, நான் என்ன பிழையாக் கேட்டனான்?"

"நீங்கள் சரியாத்தான் கேட்டனீங்கள் சேர். அவவும் சரியாத்தான் மறுமொழி சொன்னவ. அதுதான் பிரச்சினை."

கட்டியைப் பார்த்தவுடனே ஐயாவுக்கு எந்தப் பற்றீரியா என்று தெரிந்துவிட்டது. இது மற்றவற்றைப் போல அல்ல, மகா கெட்டிக்காரி. காயத்துச் சாறு பட்டதும் தன் மரபணுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் செடியின் உயிர்க்கலத்துக்குள் அனுப்பிவிடும். அந்தத் துண்டு உள்ளே போய், கட்டியாக வளர் என்றும் எனக்குச் சாப்பாடு செய்து தா என்றும் கட்டளை போடும். செடியும் தன் சொந்த வேலை என்று நினைத்துச் செய்யும். ஆனால் தெரிந்தால் போதாது, நிரூபிக்க வேண்டும். கட்டியிலிருந்து பற்றீரியாவைப் பிரித்து வளர்த்து, அதை நல்ல செடியில் விட்டு, அங்கேயும் கட்டி வரச் செய்து காட்டவேண்டும்.

இதற்குக் கரட் போதும். கட்டியின் ஒரு துண்டைச் சுத்தமான தண்ணீரில் அரைத்து, கம்பி வளையத்தால் தொட்டு, அகார்க் கூழ் ஊற்றிய தட்டில் கோடு கோடாக இழுத்தேன். முளைத்து வந்த பற்றீரியாவை எடுத்து வளர்த்தேன். கரட்டைக் கழுவி, மதுசாரத்தால் துடைத்து, வட்டம் வட்டமாக வெட்டி, ஈரத் தாளின் மேல் வைத்து, ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு துளி விட்டேன். நல்ல சாப்பாட்டில் வளர்ந்த கொழுத்த பற்றீரியா. சில கிழமை காத்திருந்தோம். கரட் கரட்டாகவே இருந்தது. ஒரு பரு கூட வரவில்லை.

தக்காளிக் கன்றுகளிலும் செய்து பார்த்திருப்போம். அவற்றை வாசல் கழுதைகள் முந்திக்கொண்டு தின்றுவிட்டன. ஆர் வெட்டினது என்று அன்று யாரும் கேட்கவில்லை.

இதற்கிடையில் றீற்றா அக்கா மறுமொழி கேட்டு வந்தார். ஐயாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "இதுவரைக்கும் கிருமி எண்டு எங்களால காட்ட முடியேல்லை அம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். றீற்றா அக்கா தலையை ஆட்டினார்.

"கிருமி இல்லையெண்டால் மனுசர்தானே. விளங்கிட்டுது ஐயா."

"இல்லை அம்மா, கொஞ்சம் பொறுங்கோ…"

"காணி வாங்கிறவன் பாஸ்குப் பெருநாள் முடிய வாறனெண்டவன். அதுக்குள்ள எழுதித் தாங்கோ."

ஒரு குடும்பம் ஒரு கரட்டில் தொங்கிக்கொண்டு நின்றது.

அடுத்த நாள் மத்தியானம் மின்சாரம் நின்றுபோனது. ஐயா ஒரு கோப்பு மட்டையால் விசிறிக்கொண்டு இருந்தார். நான் ஏதோ கேட்டேன். மறுமொழி இல்லை. திரும்பவும் கேட்டேன்.

"என்ன சொன்னீர்? இந்த வெக்கையில எனக்குக் காதும் அடைச்சுப்போச்சு." சொல்லிவிட்டு அப்படியே விசிறலை நிறுத்தினார். "ஜெசிந்தா! காது!"

மனுசனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றே நினைத்தேன்.

"அந்தப் பற்றீரியாவுக்குக் காது கேக்கேல்லை! சூடு கூடினால் அந்தக் காவல் புரதம் வேலை செய்யாது. காயம் கத்தினாலும் அதுக்குக் கேக்காது. இன்னும் சூட்டில வளர்த்தால் அந்த நோய் மரபணு இருக்கிற டி.என்.ஏ வளையத்தையே தூக்கி எறிஞ்சுபோடும். நாங்கள் செவிட்டுப் பற்றீரியாவை வளர்த்து வைச்சிருக்கிறம்!"

எங்களிடம் இன்கியூபேற்றர் என்று ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. அதற்குச் சூடாக்க மட்டும் தெரியும், குளிராக்கத் தெரியாது. மன்னாருக்குப் பங்குனி மாதத்தில் சூடாக்கும் பெட்டி வாங்கி அனுப்பிய புண்ணியவான் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தக்க குளிரில் வைக்கவும் வழியில்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் அது வளராது, வெளியே வைத்தால் செவிடு.

ஐயா குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். எங்கே என்று கேட்டேன். மீன் சந்தைக்கு என்றார். நான் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அப்படி ஒரு காட்சியைத் தவறவிட எனக்கு மனமில்லை. லேஞ்சியால் மூக்கைப் பொத்தியபடி ஐயா ஒரு வியாபாரியின் முன்னால் நின்றார்.

"என்ன மீன் ஐயா?"

"மீன் வேண்டாம். பெட்டி வேணும்."

"மீன் இல்லாமல் ஐஸ் பெட்டியை வைச்சு என்ன செய்யப்போறியள்?"

"கிருமி வளக்கப்போறன்."

வியாபாரி பெட்டியைக் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னுக்குப் போனார்.

அந்த வெள்ளை றெஜிபோம் பெட்டியை நான் தேய்த்த தேய்ப்பு எனக்குத்தான் தெரியும். ஆனாலும் சூடை மீன் வாசம் போகவில்லை. ஐஸ் நிரப்பிய தண்ணீர்ப் போத்தலை ஒரு மூலையில் வைத்து, மூடியில் துளை போட்டு வெப்பமானியைச் செருகினோம். புதிய கட்டியிலிருந்து புதிதாகப் பற்றீரியாவைப் பிரித்தேன். ஐஸ் உருக உருகப் போத்தலை மாற்றினேன். ஐயா மூக்கைப் பிடித்துக்கொண்டு நாளுக்கு எத்தனையோ தரம் மூடியைத் திறந்து பார்ப்பார். "குளிர் வெளியில போகுது சேர்" என்று நான் சத்தம் போட்டால் மட்டும் மூடுவார்.

இந்த முறை வெட்டிய கரட்டோடு வெட்டாத முழுக் கரட்டும் வைத்தோம். இரண்டுக்கும் ஒரே துளி. பாஸ்கு நெருங்கும் நேரம், வெட்டிய கரட்டின் நடு வளையத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் கிளம்பின. முழுக் கரட் பளபளவென்று அப்படியே இருந்தது. நான் சத்தமாகவே "மாதாவே!" என்றேன். ஐயாவும் "ஓம், மாதாவே" என்றார், தன்னை மறந்து.

கிருமி என்று நிரூபித்தாகிவிட்டது. முன்னொரு திருவிழாக் கடையில் றீற்றா அக்கா வாங்கி நட்ட ரோசாவோடு வந்திருக்கும், மண்ணில் சும்மா கிடந்திருக்கும். மாரி காலத்துக் குளிரில் அதற்குக் காது நன்றாகக் கேட்டிருக்கும். ஆனால் முழுக் கரட் மேசையில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. காயமில்லாமல் கட்டி வராது. அப்படியென்றால் அந்த வளவில் ஆர் வெட்டினது?

"சேர், இந்தக் கேள்வியை மட்டும் அங்க போய்க் கேட்டுப்போடாதேங்கோ" என்று பஸ்சில் போகும்போது சொல்லி வைத்தேன். ஐயா வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

றீற்றா அக்கா வளவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம், கிணற்றடியில், பிலோமினா உடுப்புத் தோய்ப்பது போல ஒரே உடுப்பைத் தோய்த்துக்கொண்டிருந்தார். ஐயா முழங்காலிட்டு, சின்னக் கரண்டியால் ஒரு செடியின் அடியை மெல்லக் கிளறினார். பக்கவேர்களில் வெட்டுகள். ஒரு ஒடுங்கின இரும்பு சரிவாக இறங்கின மாதிரி. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு கட்டி. இன்னும் கொஞ்சம் கிளறினார். மண்ணுக்குள்ளிருந்து ஒரு பாரை மீன் தலை, கண்ணும் பல்லுமாக அவரைப் பார்த்தது.

ஐயா பின்பக்கமாக விழுந்தார்.

"பாத்தியளோ! செய்வினை!" றீற்றா அக்கா போட்ட சத்தத்துக்கு ஒழுங்கைச் சனமே வாசலுக்கு வந்துவிட்டது. "தலையை வெட்டித் தாட்டிருக்கிறாள்! என்ர குடியைக் கெடுக்க மீன் தலை தாட்டிருக்கிறாள்!"

பிலோமினாவின் கையிலிருந்த உடுப்பு கீழே விழுந்தது.

ஐயா திருநீற்றைச் சரிசெய்துகொண்டு எழும்பி, அடுத்த செடியைக் கிளறினார். அங்கேயும் ஒரு தலை, பழையது. அடுத்ததில் எலும்பு மட்டும். வளவு முழுக்க அப்படித்தான். "அம்மா, இது செய்வினை இல்லை. பசளை. இதைப் போலப் பசளை காசு குடுத்தாலும் கிடையாது. ஆனா தலையைப் புதைக்கக் கிண்டேக்க வேரை வெட்டிப்போட்டினம். கிருமி அந்தக் காயத்தால போயிட்டுது. போன வருசம் உங்களுக்குப் பூ எப்பிடி?"

"போன வருசமோ?" றீற்றா அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "போன வருசம் வலு திறமாப் பூத்தது. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்."

"அந்தோனியார் மீன் தலை தாட்டிருக்கமாட்டார் அம்மா."

றீற்றா அக்கா குனிந்து அந்தப் புதுத் தலையைக் கையில் எடுத்தார். மண்ணைத் துடைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐயாவுக்கு அது விளங்கவில்லை, ஆனால் எனக்கு விளங்கிவிட்டது, நானும் கரையோரத்துப் பிள்ளைதானே. விற்கிற மீனுக்குச் செவுளோடு ஒட்டித் தலையை எடுத்துவிடுவார்கள். சதை உடம்போடு போனால்தான் விலை. இந்தத் தலை அப்படி வெட்டப்படவில்லை. கழுத்துச் சதை முழுவதும் தலையோடேயே விட்டு வெட்டியிருந்தது. சொந்த வீட்டுச் சட்டிக்கு, அதுவும் பிரியமான ஒருவருக்குத் தலைக்கறி வைக்க வெட்டுகிற வெட்டு அது. எறியப் போகிற தலையை யாரும் அப்படி வெட்டமாட்டார்கள்.

றீற்றா அக்கா தலையைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்குக் கிட்டப் போனார். இந்த முறை சத்தம் போடவில்லை.

"ஆர் வெட்டினது?"

"அதுதான் அம்மா நாங்களும்…" என்று ஐயா தொடங்க, நான் அவரது சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நான்தான் மச்சாள்" என்றார் பிலோமினா. "எங்கட வீட்டு மீன் உங்கட சட்டிக்குள்ள வராது எண்டு சொன்னனீங்கள். ரோசாவுக்கு அப்பிடி ஒண்டும் சொல்லேல்லைத்தானே."

றீற்றா அக்கா தலையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அண்ணனுக்கும் உங்களுக்கும் தலை ஒதுக்கி வெட்டி வெட்டிக் கை பழகிப்போச்சு. மீன் வந்தா கை தன்ர பாட்டில அப்பிடித்தான் வெட்டுது. வெட்டினதை என்ன செய்யிறது? எறிய மனம் வரேல்லை. சொன்னால் கிண்டி எடுத்து எறிஞ்சுபோடுவியள் எண்டுதான் கோழி எண்டனான்."

"உன்னட்டக் கோழி இல்லையடி."

"அந்த நேரம் வேற ஒண்டும் வாயில வரேல்லை மச்சாள்."

ஒழுங்கையில் நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். றீற்றா அக்காவின் முகம் கோணிக்கொண்டு போனது. அழப்போகிறாரா அடிக்கப்போகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"விசரி. இவ்வளவு சதையையும் ஆரும் ரோசாவுக்குத் தாப்பினமோ? உன்ர தலைக்கறியைத் திண்டுதானே என்ர ரோசா முழுக்கச் செத்தது." மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார்: "இனி வெட்டினால் சட்டிக்குள்ள போடு. வேருக்குக் கிட்டப் போகாத."

அன்று ஒரு ரோசாவையும் காப்பாற்ற முடியவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கி எரிக்கவேண்டியிருந்தது. இரண்டு மச்சாள்மாரும் ஆளுக்கொரு பக்கமாக நின்று பிடுங்கினார்கள், ஏசிக்கொண்டே. லில்லிக்கு இந்த நோய் பெரும்பாலும் வராது, அதை வையுங்கோ என்று ஐயா சொன்னார். அந்தோனியார் கையிலும் லில்லிதானே இருக்குது என்று றீற்றா அக்கா உடனே ஒத்துக்கொண்டார். காணி வாங்க வந்த மனுசனைப் பிலோமினாவே படலையில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

மத்தியானம் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. ஐயாவுக்கு மட்டும் புதுச் சட்டியில் முருங்கைக்காயும் பருப்பும். எங்களுக்குப் பிலோமினா வேலிக்கு மேலால் கொடுத்த பாரைத் தலைக் குழம்பு. ஐயா அன்று லேஞ்சியை எடுக்கவில்லை. றீற்றா அக்கா தலையைப் பிட்டு, கழுத்துச் சதையைச் சோற்றோடு சேர்த்து, கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு வாயில் வைத்தார். கண்ணால் பொலபொலவென்று கொட்டியது.

"உறைப்புக் கூடிப்போச்சு" என்றார்.

ஐயா என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

"அவ்வளவு உறைப்போ, ஜெசிந்தா?"

"ஓம் சேர்" என்றேன். பிலோமினா அக்கா உறைப்பு மட்டாகத்தான் போட்டிருந்தார்.